டிரில்லும் கிரைண்டரும் மக்கர் செய்தால்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது

எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இடம். ஒரு பழைய கதவை மேசையாக்கி, அதன் ஓரத்தில் ஒரு வைஸ் பூட்டி வைத்திருக்கிறேன். எனக்கு மரவேலை பொழுதுபோக்கு, அவ்வளவுதான். ஆனால் தெருவில் யார் வீட்டு டிரில் மெஷின் நின்றுபோனாலும் அது இந்த மேசைக்கு வந்துவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தாங்க ஓடிச்சு" என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் வரி.

இப்படி வந்ததையெல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. மோட்டார் செத்துப்போய் வருபவை குறைவு. கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் அறுந்த ஒயர், தேய்ந்த கார்பன் (மோட்டாரின் சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் சின்னக் கட்டை), தப்பான பக்கம் தள்ளப்பட்ட ஒரு பொத்தான், இந்த மூன்றும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவாகாத காரணத்தில் தொடங்கி, கடைக்குப் போக வேண்டிய இடம் வரை எழுதியிருக்கிறேன்.

கரண்டில் ஓடும் கை டிரில் (10, 13 மி.மீ.), 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர், இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. கிரைண்டர் என்றதும் இட்லி மாவு ஞாபகம் வருபவர்கள் மன்னிக்கவும். இது இரும்பு அறுக்கிற கிரைண்டர். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே வகை கார்பன் மோட்டார். மார்பிள் கட்டர், ஜிக்சா, பிளானர் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கை வைக்கும் முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். போர்டில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்சை நியூட்ரல் ஒயரில் மாட்டியிருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் மெஷினுக்குள் கரண்ட் இருக்கும். பிடுங்கிய பிளக் உங்கள் கண்ணில் படும்படி மேசை மேலேயே கிடக்கட்டும்.

கிரைண்டரில் இன்னொரு ஆபத்து. வேலை நடுவே கரண்ட் போகும். சுவிட்சைப் பின்னால் தள்ளாமல் அப்படியே கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். கரண்ட் வந்ததும் அது தரையில் தானாக ஓட ஆரம்பிக்கும். கரண்ட் போன நொடியே சுவிட்சை அணைக்கும் பழக்கம் வர வேண்டும். லுங்கி கட்டிக்கொண்டு, கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம்.

ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், ஒரு சாதாரண மல்டிமீட்டர், பழைய பல் துலக்கும் பிரஷ் இருந்தால் முக்கால்வாசி சோதனை முடிந்துவிடும். மூடியைக் கழற்றியதும் எதையும் தொடும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று அரை மணி நேரம் யோசித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அறிகுறி 1: சுவிட்சை அழுத்தினால் மூச்சு பேச்சே இல்லை

முதலில் பிளக் பாயின்ட். அதே ஓட்டையில் ஒரு டேபிள் லாம்ப்பைச் செருகிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஃபியூஸ் போனதற்காக என்னிடம் மெஷின் வந்திருக்கிறது. பெரிய பின்னும் சின்னப் பின்னும் சேரும் பாயின்டில் 6 ஆம்பியர் பிளக்கைச் செருகினால், உள்ளே தகடு தளர்ந்து போய்ப் பிடிக்காமல் ஆடும். வேறு பாயின்டில் செருகிப் பாருங்கள்.

டிரில்லாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது முன்னே பின்னே சுற்ற வைக்கும் தள்ளு பொத்தான். அது இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நின்றால் மெஷின் ஓடாது. சில மாடல்களில் டிரிக்கரே அழுந்தாது. ஒரு பக்கம் முழுதாகத் தள்ளுங்கள்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஒயர். கைப்பிடிக்குள் ஒயர் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். மெஷினை ஒயரைப் பிடித்துத் தூக்குவது, ஒயரைக் கைப்பிடியில் இறுகச் சுற்றிவைப்பது, இதனால் அந்த ரப்பர் முடியும் இடத்தில் ஒயர் மடங்கி மடங்கி உள்ளே தாமிரம் அறுந்துவிடும். வெளித்தோல் முழுசாக இருக்கும், அதனால் கண்ணுக்குத் தெரியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை இரண்டு விரலால் மடக்கிக்கொண்டே போங்கள். நல்ல ஒயர் வில் மாதிரி வளையும். அறுந்த இடத்தில் மட்டும் சட்டென்று கூர்மையாக ஒடியும். அந்த ஓர் இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. கிரைண்டரின் பிளக் பின் இரண்டிலும் மீட்டர் முனைகளை வைத்து, ஓம் அளவில் போட்டு, சுவிட்சை ஆன் செய்யுங்கள். சில ஓம் முதல் இருபது முப்பது ஓம் வரை காட்டினால் ஒயர், சுவிட்ச், கார்பன், காயில் (மோட்டாருக்குள் சுற்றிய தாமிரக் கம்பி) என எல்லா வழியும் சேர்ந்திருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. டிஸ்க்கைக் கையால் மெல்லச் சுற்றும்போது எண் வந்து வந்து போனால் சந்தேகம் கார்பன் பக்கம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரிக்கர் உள்ள டிரில்லில் இந்தச் சோதனை பொய் சொல்லும். அந்த சுவிட்சுக்குள் ஒரு மின்னணுப் பாகம் இருக்கிறது. மீட்டரின் சின்ன பேட்டரிக்கு அது வழிவிடாது. நல்ல மெஷினிலும் ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். கைப்பிடியைத் திறந்து, பிளக் பின்னிலிருந்து சுவிட்சுக்கு வரும் இரண்டு ஒயரையும் தனித்தனியாக அளந்து பார்ப்பதுதான் டிரில்லுக்கு வழி.

அறுந்த இடத்துக்கு அப்பால் நாலு விரல் தள்ளி ஒயரை வெட்டி, மீதியை உள்ளே கொண்டுவந்து மாட்டினால் போதும். புது ஒயர்தான் வேண்டும் என்றால் 1 சதுர மி.மீ. இரண்டு கோர் வளையும் ஒயர் வாங்குங்கள். உள்ளே ஒயரை அழுத்திப் பிடிக்கும் ஒரு சின்னக் கிளிப், இரண்டு திருகுடன் இருக்கும். அது ஒயரின் வெளித்தோலைக் கடிக்க வேண்டும். அதைப் போடாமல் மூடினால் அடுத்த மாதம் மறுபடி இதே வேலை.

ஒயர் நன்றாக இருந்தால் கார்பன். சில மெஷினில் பக்கவாட்டில் காசு அளவுக்கு இரண்டு வட்ட மூடி தெரியும், அதைத் திருகினால் கார்பன் வெளியே வரும். மற்றவற்றில் பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டும். மெல்லத் திறங்கள், ஸ்பிரிங் துள்ளும். ஒரு முறை அது போய் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வீட்டையே பெருக்க வேண்டியதாயிற்று. கார்பனின் நீளம் ஐந்தாறு மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். சில கார்பனுக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் ஆணி இருக்கிறது. கார்பன் தேய்ந்ததும் அந்த ஆணி வெளியே தள்ளி மோட்டாரை நிறுத்திவிடும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு" என்பதற்குப் பல சமயம் காரணம் இதுவே.

எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்; மாடல் பெயரை மட்டும் சொன்னால் ஏதாவது ஒன்றைத் தருவார்கள். அரை மி.மீ. தடித்தாலும் கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம்தான் தடிப்பு என்றால் தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாளை வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். கூட்டுக்குள் போட்டால் தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். அதுதான் சரியான அளவு.

கார்பனும் சரி என்றால் சுவிட்ச். கிரைண்டரில் இரும்புத் தூள் புகுந்து கெட்டுப்போவது சகஜம். அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து அதே சுவிட்சை வாங்கி, படத்தைப் பார்த்து ஒயர்களை மாட்டலாம். தூளை ஊதினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். நான் ஊதிச் சரியாக்கிய சுவிட்ச் எதுவும் ஒரு மாதம் தாண்டியதில்லை.

இங்கே நிறுத்துங்கள்: ஒயர், கார்பன், சுவிட்ச் மூன்றும் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் காயிலில் அறுந்திருக்கிறது. காயில் கட்டும் கடைதான்.

அறிகுறி 2: விட்டு விட்டு ஓடுகிறது, தட்டினால் ஓடுகிறது

ஒயரை ஆட்டும்போது ஓடி நின்றால் ஒயர். மெஷினைச் சாய்த்தால், தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் தேய்ந்திருக்கிறது, அல்லது கூட்டில் தூசி சேர்ந்து வழுக்காமல் நிற்கிறது. கழற்றி, கூட்டைப் பழைய பிரஷ்ஷால் துடைத்து மறுபடி போடுங்கள். கழற்றிய கார்பனையே திரும்பப் போடுவதானால் முன்பிருந்த அதே பக்கம், அதே திசையில் போட வேண்டும். அதன் முனை வளைவாகத் தேய்ந்திருக்கும். திருப்பிப் போட்டால் பொறி பறக்கும்.

"சக்கைத் தள்ளிவிட்டா ஓடுதுங்க" என்று சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். சக் என்பது துளை போடும் பிட்டை மாட்டும் வாய். டிரிக்கரை அழுத்திக்கொண்டே கையால் சக்கைத் தள்ளுவது விரலை இழக்கும் வழி. பிளக்கைப் பிடுங்கி, சக்கைக் கால் சுற்றுத் திருப்பி, கையை எடுத்துவிட்டுப் பிளக்கைச் செருகி அழுத்திப் பாருங்கள். இதையே நாலைந்து முறை செய்யுங்கள். சில நிலையில் ஓடுகிறது, சில நிலையில் ஓடவில்லை என்றால், புதுக் கார்பன் போட்டும் அப்படியே என்றால், மோட்டாருக்குள் சுற்றும் பாகமான ஆர்மேச்சரில் ஒரு சுற்று அறுந்திருக்கிறது. அது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

அறிகுறி 3: ஓடுகிறது, ஆனால் பொறி பறக்கிறது

சாயங்கால வெளிச்சத்தில் காற்றுத் துளை வழியாக உள்ளே பாருங்கள். கார்பன் தொடும் இடத்தில் மட்டும் சின்னதாக நீலப் பொறி தெரிந்தால் கவலை வேண்டாம். கார்பன் மோட்டார் என்றால் அது இருக்கும். புதுக் கார்பன் போட்ட உடனே கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பளு கொடுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு ஓட்டினால் முனை தேய்ந்து படிந்து, பொறி அடங்கும்.

மஞ்சளாக, நீளமாக, கார்பன் தொடும் உருளையைச் சுற்றி வளையம் போல் நெருப்பு ஓடினால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு ஓட்டைதான்" என்று ஓட்டியதால் அறுபது ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது ஆர்மேச்சர் வரை போனதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த ரெண்டு ஓட்டை என்னுடையவைதான்.

முதலில் கார்பனின் நீளம். அடுத்து ஸ்பிரிங்: இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்துகிறதா, ஒன்று சூட்டில் நீலம் பாரித்துத் துவண்டு போயிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கம்முடேட்டர், அதாவது ஆர்மேச்சரின் ஒரு முனையில் தாமிரப் பட்டைகள் வரிசையாகப் பதித்த உருளை. கார்பன் ஓடும் தடம் சீராகச் சாக்லேட் நிறத்தில் இருந்தால் அது ஆரோக்கியம். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்துக் கிடந்தால் மட்டும், நைஸான உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, ஆர்மேச்சரைக் கையால் சுற்றிக்கொண்டே லேசாகத் துடையுங்கள். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் பட்டைகளின் இடுக்கில் போய் உட்காரும். இடுக்குகளைப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்து, தூசியை ஊதிவிடுங்கள்.

இப்போது பட்டைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாம் ஒரே நிறமாக இருந்து, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மட்டும் கருகி ஓரம் அரித்திருந்தால் அந்தச் சுற்று போய்விட்டது. மீட்டரை அடுத்தடுத்த இரண்டு பட்டையில் வைத்துச் சுற்றி வந்தால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஓர் இடத்தில் துள்ளினால் சந்தேகமே இல்லை.

இங்கே நிறுத்துங்கள். ஆர்மேச்சரைக் காயில் கட்டுவதா, புதிது போடுவதா என்று கேட்பார்கள். நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும் கிரைண்டருக்குப் புது ஆர்மேச்சர்தான் என் விருப்பம். கையால் கட்டியது கொஞ்சம் எடை மாறினாலும் அந்த வேகத்தில் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். ஃபீல்ட் காயில் சுற்றாமல் நிற்பது, அதைக் கட்டிக்கொள்ளலாம்.

அறிகுறி 4: சூடாகிறது, வாடை வருகிறது, புகைகிறது

மெஷின் வெதுவெதுப்பாவது இயல்பு. கை வைத்து ஐந்து எண்ணும் வரை தாங்க முடிந்தால் பரவாயில்லை. புத்தம்புது மெஷினில் முதல் சில ஓட்டத்தில் வார்னிஷ் வாடை லேசாக வருவதும் உண்டு.

அழுத்தம்தான் முதல் காரணம். சத்தத்தைக் கேளுங்கள். வேலை செய்யும்போது சுருதி பாதியாக இறங்கினால் நீங்கள் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுத்தது காற்றுத் துளை. கிரைண்டர் பின்பக்கத்தில் காற்றை இழுத்து முன்பக்கம் விடும். பின் துளையை உள்ளங்கையால் மூடிப் பிடிப்பவர்கள் நிறையப் பேர். வாரம் ஒரு முறை ஊதிவிடுங்கள்.

பிறகு எக்ஸ்டென்ஷன் ஒயர். மெல்லிய ஒயரைச் சுருளாக வைத்துக்கொண்டே ஓட்டினால் சுருளும் சூடாகும், மெஷினுக்குப் போகும் வோல்ட்டேஜும் குறையும். 1.5 சதுர மி.மீ. ஒயராக வாங்கி, சுருளை முழுதாகப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். மாலையில் வோல்ட்டேஜ் 180க்கு இறங்கும் ஊர் என்றால் கனமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்வதுதான் வைத்தியம்.

டிரில்லைக் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டுவதும் கெடுதல். குளிர வைக்கும் ஃபேன் ஆர்மேச்சர் தண்டிலேயே இருக்கிறது. மோட்டார் மெதுவாகச் சுற்றினால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றும். என் முதல் டிரில்லை நான் கொன்றது இப்படித்தான். டைல்ஸ் பேஸ்ட்டைக் கரைக்க அதில் ஒரு கம்பியை மாட்டி மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கலக்கினேன். மூன்றாவது பக்கெட்டில் புகை வந்தது. சூடானால் அணைத்து மூலையில் வைக்காதீர்கள். பளு இல்லாமல் முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட விடுங்கள். உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்துவிடும்.

ஒரு தடவை நன்றாகப் புகைந்துவிட்டால், பிறகு ஓடினாலும் நம்பாதீர்கள். ஃபீல்ட் காயிலில் இரண்டு பாதி உண்டு. ஒயரைப் பிரித்து இரண்டையும் அளந்தால் எண் ஒன்றாக வர வேண்டும். ஒன்று குறைந்திருந்தால் உள்ளே ஷார்ட். கடை.

அறிகுறி 5: சத்தம் மாறிவிட்டது, கை அதிர்கிறது

கிரைண்டரில் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வெறும் மெஷினை ஓட்டுங்கள். அதிர்வு போய்விட்டதா? குற்றவாளி டிஸ்க்தான்.

டிஸ்க்கில் பார்க்க வேண்டியவை: ஓரம் உடைந்திருக்கிறதா, ஈரத்தில் கிடந்ததா, நடுவில் உள்ள உலோக வளையத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதி மாதம் தாண்டிவிட்டதா. ஆமாம், டிஸ்க்குக்கும் தேதி உண்டு. பிசின் கொண்டு ஒட்டிய பொருள்தானே, நாளாக நாளாக வலு குறையும். 4 அங்குல டிஸ்க்கின் ஓட்டை 16 மி.மீ. அது உட்கார வேண்டிய உள்வட்டத் தகடு மெஷினில் இருக்கிறதா, தலைகீழாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தொலைந்துபோய் வெறும் நட்டை வைத்து இறுக்கி ஓட்டியவரை எனக்குத் தெரியும். டிஸ்க்கில் போட்டிருக்கும் அதிகபட்ச வேகம் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

டிஸ்க்கை மறைக்கும் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு 5 அங்குல டிஸ்க் போடுவது, மரம் அறுக்கும் பல் பிளேடை கிரைண்டரில் மாட்டுவது, இரண்டையும் தச்சர்கள் செய்வதைப் பார்த்து வீட்டிலும் செய்கிறார்கள். பல் மரத்தில் கடித்த நொடியில் மெஷின் கையை விட்டுத் துள்ளும், பிடிக்க நேரமே இருக்காது. அப்படி மாட்டிக்கொண்டு வரும் மெஷினை நான் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

டிஸ்க் இல்லாமலும் சத்தம் இருந்தால் காதை வைத்துப் பிரியுங்கள். "கீச்" என்று உயர்ந்த சுருதியில் அழுதால் பேரிங். "கரகர" என்று அரைத்தால் கியர். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தண்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பேரிங்கின் மேலேயே எண் இருக்கும். 608 என்றால் உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ.; எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இசட்இசட் என்றால் இருபுறமும் தகடு மூடி, 2ஆர்எஸ் என்றால் ரப்பர் மூடி. தூசியில் ஓடும் மெஷினுக்கு நான் ரப்பர் மூடியைத்தான் கேட்டு வாங்குகிறேன். பேரிங்கை இழுத்துக் கழற்றும் புல்லர் இல்லாமல் சுத்தியால் தட்டிக் கழற்றினால் தண்டு வளையும். பேரிங் கடையிலேயே கழற்றி மாட்டித் தருவார்கள், அந்தச் சின்னக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கியர் பக்கம் திறக்கும் முன் கார்பன் இரண்டையும் வெளியே எடுத்துவிட வேண்டும். தலையை இழுத்தால் ஆர்மேச்சரும் கூடவே வரும். கார்பன் உள்ளே இருந்தால் உடையும். கியர் பற்களில் கிரீஸ் காய்ந்து தூளாகியிருந்தால் பழையதை மண்ணெண்ணெயில் துடைத்து, ஏபி3 கிரீஸைப் பற்கள் மூழ்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். அமுக்கி நிரப்பினால் மோட்டார் பக்கம் கசிந்து கம்முடேட்டரில் படியும். பிறகு அறிகுறி 3க்குப் போக வேண்டியிருக்கும்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, சக்கோ டிஸ்க்கோ சுற்றவில்லை என்றால் கியரின் பல் வழித்துவிட்டது. சின்னதும் பெரியதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அறிகுறி 6: நன்றாகச் சுற்றுகிறது, துளை மட்டும் விழவில்லை

இந்தப் புகாரோடு வருவதில் மெஷினுக்கு ஒன்றும் இருக்காது. பின்பக்கமாகச் சுற்றுகிறதா பாருங்கள். பிட் சுவரைத் தேய்க்கும், சூடாகும், உள்ளே இறங்காது. அடுத்து, சுத்தி படம் போட்ட பொத்தான். சுவருக்குச் சுத்தி பக்கம். மரம், இரும்புக்குப் பிட் படம் உள்ள பக்கம். டைல்ஸ் இருந்தால் டைல்ஸைத் தாண்டும் வரை சுத்தி வேண்டாம், விரிசல் விடும்.

ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி மாட்டும்போதுதான் பலர் டிரில்லைத் திட்டுகிறார்கள். கீழே சுவரில் வெண்ணெய் மாதிரி இறங்கிய பிட் அங்கே ஒரு அங்குலத்தில் நின்றுவிடும். அங்கே இருப்பது செங்கல் அல்ல, கான்கிரீட் லிண்டல். அதற்குள் கம்பியும் இருக்கும். வீட்டு டிரில்லின் பெட்டியில் நிமிடத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் தட்டு என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு தட்டும் பூத்தட்டுதான். கான்கிரீட்டுக்கு எஸ்டிஎஸ் பிட் போடும் ரோட்டரி ஹேமர் வேண்டும். தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் பிராக்கெட்டை ஏற்றி மாட்டுங்கள். லிண்டல் பெரும்பாலும் அரையடி உயரம்தான். அதற்கு மேல் செங்கல் வந்துவிடும்.

இரும்பில் இறங்கவில்லை என்றால் சுவர் பிட்டைப் போட்டிருப்பீர்கள், அல்லது பிட் மழுங்கியிருக்கும். முனை நீலமானால் அதன் கதை முடிந்தது. முதலில் 3 மி.மீ. துளை, பிறகு பெரிய பிட், மெதுவான வேகம், இரண்டு சொட்டு எண்ணெய். எவர்சில்வரில் வேகம் இன்னும் குறைய வேண்டும், அழுத்தம் கூட வேண்டும்; சும்மா தேய்த்துக்கொண்டிருந்தால் அந்த இடம் இறுகிப்போய் அப்புறம் எந்தப் பிட்டும் ஏறாது.

அறிகுறி 7: சக் திறக்கவில்லை, கிரைண்டர் நட் கழலவில்லை

டிரில்லில் பிட் ஆடிக்கொண்டே சுற்றினால் அது இரண்டு தாடைக்கு நடுவில் மாட்டியிருக்கும். கழற்றி மூன்றுக்கும் நடுவில் வைத்து, சாவியை மூன்று ஓட்டையிலும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். சக்கின் பல் வழித்துச் சாவி வழுக்கினால் சக்கையே மாற்றலாம். சக்கை முழுதாகத் திறந்தால் அடியில் ஒரு திருகு தெரியும். அது இடது மரை. வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பலர் வழக்கம்போல இடப்பக்கம் திருப்பித் தலையை மழுக்கிவிட்டு வருவார்கள். திருகு வந்ததும் ஒரு பெரிய எல் சாவியைச் சக்கில் பூட்டி, இடப்பக்கமாகச் சுழலும்படி மரச்சுத்தியால் ஒரே அடி.

கிரைண்டர் நட்டுக்குப் பூட்டுப் பொத்தானை அழுத்திக்கொண்டு முழு பலத்தையும் காட்டினால் பொத்தானின் ஆணி உடையும், உள்ளே கியரும் சேர்ந்து போகலாம். டிஸ்க் எப்படியும் தேய்ந்ததுதானே? பிளக்கைப் பிடுங்கி, இடுக்கியால் டிஸ்க்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து எடுத்துவிடுங்கள். டிஸ்க் போனதும் நட்டின் அடியில் அழுத்தம் போய்விடும், கையாலேயே கழலும்.

அறிகுறி 8: ஷாக் அடிக்கிறது, டிரிப் ஆகிறது

சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை உள்ள மெஷினுக்கு இரண்டு பின் பிளக்தான் வரும். அதற்கு இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை. அது லேசாகச் "சுரீர்" என்றாலும் ஓட்டாதீர்கள். ஒயர் தோல் உரிந்திருக்கிறதா, மெஷின் நனைந்ததா என்று மட்டும் பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் கார்பன் தூளோ இரும்புத் தூளோ உள்ளே படிந்து கரண்டுக்கு வழி போட்டிருக்கலாம், காப்பு உடைந்திருக்கலாம். இதை வீட்டு மீட்டரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் காப்பை அளக்கும் மெக்கர் இருக்கும். போர்டில் கரண்ட் கசிந்தால் அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் தண்ணீர் விட்டு மார்பிள் கட்டர் ஓட்டவே வேண்டாம்.

ஆர்சிசிபி விழாமல், ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும் விழும் எம்சிபி மட்டும் விழுந்தால் ஒயரில் ஷார்ட்டா பாருங்கள். 14 அங்குலக் கட்டிங் மெஷினை லைட் லைனில் செருகினாலும் விழும். அதற்கு 16 ஆம்பியர் பாயின்ட்.

பேட்டரி டிரில்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெயிலில் நிறுத்திய காரில் கிடந்த பேட்டரி சார்ஜ் ஏறாவிட்டால் அரை மணி ஆறவிட்டுப் போடுங்கள். முனைகளில் பச்சை படிந்திருந்தால் துடையுங்கள். 18 வோல்ட் என்றாலும் 21 வோல்ட் என்றாலும் உள்ளே ஐந்து செல்கள்தான்: 3.6 வோல்ட் வீதம் எண்ணினால் 18, முழுச் சார்ஜில் 4.2 வீதம் எண்ணினால் 21. முழுதாகச் சார்ஜ் ஆனதும் மீட்டரில் 21 பக்கம் வராமல் 17, 18லேயே நின்றால் ஏதோ ஒரு செல் படுத்துவிட்டது. உப்பியிருக்கும் பேட்டரியைத் திறக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

மெஷினைப் பிரித்த நிலையில் பையில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். திருகு ஒன்று குறைந்தாலும் பழி யார் மேல் என்று தெரியாது. என்ன அறிகுறி, எதையெல்லாம் பார்த்தீர்கள், எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பிரிப்பதற்கு முன்பே மொத்தச் செலவைக் கேளுங்கள். ஆர்மேச்சர், பேரிங் இரண்டு, கூலி எல்லாம் சேர்ந்து புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒயர், சுவிட்ச், சக், கியரை மட்டும் உதிரிக்குக் கழற்றிக்கொள்வேன். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் ஒரு நடை நடந்தால் உதிரி விலை என்னவென்று ஒரு அந்தாஜ் கிடைத்துவிடும்.

மாற்றிய பழைய ஆர்மேச்சரைக் கேட்டு வாங்கி வாருங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. பழைய இரும்புக் கடையில் தாமிர விலையும் கிடைக்கும்.